உழுதவர்களின் சாவை வரைந்த மை

வங்க ஓவியர் சித்தப்ரசாத் 1943-இல் வரைந்த வங்கப் பஞ்சப் படங்களில் முதலில் கண்ணில் படுவது எலும்பு. கொஞ்ச நேரம் பார்த்தால் பாதங்கள் தெரியும். விலா துருத்திக்கொண்டு கிடக்கும் ஆளின் பாதம் அகலமாக, விரல்கள் பிரிந்து இருக்கும். சேற்றில் நடந்து நடந்து அப்படி ஆன பாதம். முழங்காலும் மணிக்கட்டும் முண்டுமுண்டாகத் தடித்திருக்கும். உடம்பில் சதையெல்லாம் வற்றிய பிறகும் வேலை செய்த தடம் மட்டும் போகவில்லை.

பஞ்சம் என்றால் நாம் பசியைப் பேசுகிறோம். செத்தவர் உயிரோடு இருந்தபோது என்ன வேலை பார்த்தார் என்று அதிகம் கேட்பதில்லை. வங்கப் பஞ்சத்தை வரைந்த மூன்று பேரின் படங்களை, சித்தப்ரசாத், ஜைனுல் ஆபிதீன், சோமநாத் ஹோர் ஆகியோரின் படங்களை, அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி தானாக எழும். சாவை வரைவதா, உழைப்பை வரைவதா என்று அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே உடம்பில் இரண்டும் இருந்தன. ஆனால் எதை எவ்வளவு தெரிய விடுவது என்பதில் மூவரும் வெவ்வேறு வழியில் போனார்கள்.

முதலில் யார் செத்தார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். இது தெரியாமல் அந்தப் படங்கள் முழுதாகப் புரியாது.

1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. ஜப்பான் படை கடல்வழியாக வங்கத்துக்குள் வந்துவிட்டால் அதன் கையில் எதுவும் சிக்கக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு கரையோர மாவட்டங்களில் இருப்பு நெல்லை வாங்கி அப்புறப்படுத்தியது. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைப் பறிமுதல் செய்தது, உடைத்தது. நாற்பதாயிரத்துக்கும் அதிகமான படகுகள் இப்படிப் போயின. ஆறும் கால்வாயுமாக இருக்கும் நாட்டில் படகு போனால் மீனவர் பிழைப்பு போகும். குயவருக்கு மண் வராது, செய்த பானை சந்தைக்குப் போகாது. 1942 அக்டோபர் 16 அன்று மிட்னாபூர் கரையைப் புயலும் கடல் அலையும் சேர்ந்து அடித்தன. நெற்பயிரில் பழுப்புப் புள்ளி நோய் வேறு. இதற்கு மேல் போர்க்காலப் பணவீக்கம், ராணுவக் கொள்முதல், பதுக்கல்.

கல்கத்தாவில் 1942 டிசம்பரில் மணங்கு (வங்கக் கணக்கில் ஏறக்குறைய 37 கிலோ) 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, 1943 ஆகஸ்டில் 37 ரூபாயைத் தொட்டது. வயல் கூலி அப்படி ஏறவில்லை. அமர்த்தியா சென் பின்னாளில் கணக்குப் போட்டுக் காட்டியது இதைத்தான்: 1943-இல் வங்கத்தில் இருந்த உணவு, அதற்கு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஐந்து சதவீத அளவுக்கே குறைவு. பஞ்சம் வராத 1941-ஐவிட அது அதிகம்கூட. அரிசி இருந்தது, அதை வாங்கக் கூலி போதவில்லை. சரி, அப்படியானால் யார் முதலில் விழுவார்கள்? நிலமில்லாத விவசாயக் கூலிகள், மீனவர்கள், படகோட்டிகள், கைத்தொழில் செய்பவர்கள். நெல் குத்திப் பிழைத்த பெண்கள். வங்கத்தில் அவர்கள் தெங்கி என்ற காலால் மிதிக்கும் உலக்கையில் பிறர் நெல்லைக் குத்திக் கொடுத்து, அதில் ஒரு பங்கை அரிசியாக வாங்கிக்கொள்வார்கள். பஞ்சத்தில் எந்தத் தொழில் செய்தவர்கள் எவ்வளவு நொடிந்தார்கள் என்று புள்ளியியலாளர் மகலனோபிஸும் உடனிருந்தவர்களும் நடத்திய கணக்கெடுப்பிலும் இந்தப் பெயர்கள்தான் மேலே வந்தன. சொந்த நிலமும் வீட்டில் நெல்லும் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். செத்தவர்கள் எண்ணிக்கையை 1945-இல் அரசின் விசாரணைக் குழு 15 லட்சம் என்றது. பின்வந்த ஆய்வாளர்கள் 20 முதல் 30 லட்சம் வரை சொல்கிறார்கள்.

ஆக, நெல்லை விதைத்து நட்டு அறுத்துக் குத்தியவர்களே அரிசியில்லாமல் செத்தார்கள். கல்கத்தாத் தெருக்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் சோறுகூடக் கேட்கவில்லை, வடிகஞ்சி கேட்டார்கள்.

இதை ஏன் மையால் வரைந்தார்கள்? கறுப்பு துக்கத்தின் நிறம் என்பது போன்ற பதில் சுலபமாக வரும். உண்மைக் காரணம் அச்சகத்தில் இருக்கிறது. நம்மூர்ப் பழைய பத்திரிகை ஓவியர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: படம் அச்சாக வேண்டுமென்றால் பிளாக் என்ற அச்சுத் தகடு எடுக்க வேண்டும். லைன் பிளாக்கில் ஓவியத்தைப் படம்பிடித்து அந்த நெகட்டிவைத் துத்தநாகத் தகட்டில் பதிப்பார்கள். அமிலத்தில் போட்டால் வெள்ளைப் பகுதி அரித்துப் பள்ளமாகும், கறுப்புக் கோடு மேடாக நிற்கும். எழுத்துகளோடு சேர்த்து அதே இயந்திரத்தில் ஓட்டலாம், செலவும் குறைவு. ஆனால் அதற்குச் சாம்பல் நிறம் தெரியாது. கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான். புகைப்படம் அச்சிட ஹாஃப்டோன் பிளாக் வேண்டும். புள்ளி புள்ளியாக வரும் அந்தப் பிளாக்குக்குச் செலவு அதிகம், ஓரளவு நல்ல காகிதமும் தேவை. போர்க்காலத்தில் காகிதமே தட்டுப்பாடு.

சித்தப்ரசாத் வரைந்தது கம்யூனிஸ்ட் கட்சியின் பத்திரிகைகளுக்கு, ஆங்கிலத்தில் 'பீப்பிள்ஸ் வார்', வங்காளியில் 'ஜனயுத்தா'. மட்டமான தாளில், அவசரத்தில் ஓடும் அச்சு. மெல்லிய நிழலும் கரைந்த மையும் அங்கே எடுபடாது. அதனால் கோட்டை வைத்தே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. கன்னம் ஒட்டிய பள்ளத்தை நெருக்கமான குறுக்குக் கோடுகளால் காட்டு, எலும்பு மேடு எங்கே வருகிறதோ அங்கே தாளை அப்படியே வெள்ளையாக விடு. பட்டினி கிடக்கும் உடம்புக்கு இது எப்படிப் பொருந்தியது பாருங்கள். தசைதான் மென்மையான நிழல் தரும். தசை போன உடம்பில் மிச்சம் இருப்பது வரம்புகள் மட்டுமே, அவை கோடுகள்தான்.

இன்னொரு காரணம் தணிக்கை. அரசு பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் பஞ்ச விதிகளின்படி நிவாரணம் தந்தாக வேண்டும். பத்திரிகைகளில் அந்தச் சொல் வருவதையும் விரும்பவில்லை. 1943 ஆகஸ்ட் 22 அன்று 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், தணிக்கை விதிகளில் புகைப்படத்தைப் பற்றி எதுவும் இல்லை என்ற ஓட்டையைப் பயன்படுத்திக் கல்கத்தா நடைபாதைகளின் படங்களை வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் நிமிர்ந்து பார்த்தது. ஆனால் அவை நகரத்தின் படங்கள். கிராமம் வெறிச்சோடிய கதை அவற்றில் வரவில்லை.

புகைப்படம் என்றதும் நமக்குப் பக்கத்து நினைவு ஒன்று உண்டு. 1876 முதல் 1878 வரையிலான சென்னை மாகாணப் பஞ்சத்தில், வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்கள். எலும்பும் தோலுமான குடும்பங்களைக் கும்பலாக உட்கார வைத்து, கேமராவைப் பார்க்க வைத்து எடுத்தவை. படமெடுக்கத் தெரிந்தவருக்குச் சோறு போடத் தோன்றவில்லையா என்று அந்தக் காலத்திலேயே அவரைக் குத்திக் காட்டினார்கள். எனக்கு அந்தப் படங்களில் உறுத்துவது இன்னொன்று. அவர்கள் யார், எந்த ஊர், உழவரா நெசவாளரா, எதுவும் இல்லை. பசியைக் காட்டும் மாதிரிகளாக மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். சித்தப்ரசாத் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனார்.

சித்தப்ரசாத் 1915-இல் நைஹாட்டியில் பிறந்தவர். சிட்டகாங்கில் படித்தவர். கலைப் பள்ளியில் முறையாகப் பயிலாதவர். பட்டாச்சார்யா என்ற சாதி அடையாளம் சொல்லும் பின்பெயரை வேண்டாமென்று விட்டவர். 1943 நவம்பரில் மிட்னாபூர் மாவட்டத்துக்குப் போய், ஊர் ஊராகச் சுற்றி, வரைந்தும் எழுதியும் கொண்டுவந்தார். அதுதான் 'ஹங்கிரி பெங்கால்' என்ற சிறு நூல். ஒரு வருடம் முன்பு புயலில் போன ஊர்கள் அவை. அதற்குச் சற்று முன்புதான் ஆகஸ்ட் போராட்டத்துக்காகப் போலீஸ் அங்கே வெறியாட்டம் ஆடியிருந்தது.

அந்த நூலில் படமும் எழுத்தும் ஒன்றையொன்று விடுவதில்லை. ஆளின் பெயர், ஊர், என்ன வேலை பார்த்தார், எதை விற்றார், வீட்டில் யார் யார் போனார்கள். விற்கும் வரிசையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்: பாத்திரம், மாடு, கலப்பை, கூரைத் தகடு, கடைசியில் நிலம். கலப்பையும் மாடும் போன பிறகு அந்த ஆள் உயிர் பிழைத்தாலும் அடுத்த பருவத்தில் உழவராக இருக்க மாட்டார். அதாவது உடம்பு சாவதற்கு முன்பே தொழில் செத்துவிடுகிறது. இதைப் புகைப்படத்தில் காட்டுவது கஷ்டம். இல்லாத மாட்டை எப்படிப் படம் பிடிப்பது? வரைபவர் வெறும் கொட்டிலையும் வாசலில் குந்தியிருக்கும் ஆளையும் ஒரே கட்டத்துக்குள் இழுத்து, கீழே இரண்டு வரி எழுதினால் விஷயம் வந்துவிடும்.

கட்சி அப்போது போரை ஆதரித்துக்கொண்டிருந்தது. 1942-இல்தான் அதன் மேலிருந்த தடை நீங்கியிருந்தது. பதுக்கல்காரர்களையும் செயலற்ற நிர்வாகத்தையும் சாடுவதே அன்றைய கட்சிக் குரல். படங்கள் அந்தக் குரலைத் தாண்டிப் போய்விட்டன என்றே நினைக்கிறேன். அரசுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். அச்சான 5,000 படிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்த ஒரு படியை வைத்து 2011-இல் டெல்லி ஆர்ட் கேலரி மறுபதிப்பு கொண்டுவந்ததால்தான் இன்று நாம் அதைப் பார்க்க முடிகிறது.

ஜைனுல் ஆபிதீன் வேறு மாதிரி. 1914-இல் மைமன்சிங் மாவட்டத்தில், பிரம்மபுத்திரா நதிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானவர். கை தேர்ந்தவர். 1943-இல் கல்கத்தா நடைபாதைகளில் அவர் வரைந்தவை சீன மையில், உலர்ந்த தூரிகையால், மலிவான பொட்டலத் தாளில். தூரிகையில் மையைக் குறைவாக எடுத்து வேகமாக இழுத்தால், தாளின் சொரசொரப்பில் பட்டும் படாமலும் போகும், கோட்டுக்குள்ளேயே வெள்ளைக் கீற்றுகள் விழும். முறியும் அந்தக் கோட்டில்தான் ஒரு தாயின் தோளும் அவள் மேல் கிடக்கும் குழந்தையின் முதுகும் வருகின்றன. பின்னணி கிடையாது. வீடு இல்லை, மரம் இல்லை. காகம் உண்டு, நாய் உண்டு, காலித் தட்டு உண்டு.

ஓவியமாகப் பார்த்தால் மூவரில் இவரே உச்சம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெயரும் ஊரும் போயின, வேலையும் போயிற்று. அவர் வரைந்தது நகரத்துக்கு வந்துவிட்ட ஆளை. மண்வெட்டியும் வலையும் எங்கோ நூறு மைல் பின்னால் கிடக்கின்றன. நடைபாதையில் கிடப்பவர் மீனவரா நெல் குத்தியவரா என்பது அந்தத் தெருவில் நடந்து போன கல்கத்தாக்காரருக்குத் தெரியாததுபோல, படம் பார்ப்பவருக்கும் தெரியாது. அந்த வெற்றுப் பின்னணி உலகம் முழுக்கப் புரிகிற மொழியாகிவிட்டது. எந்த நாட்டுப் பஞ்சத்துக்கும் அந்தப் படத்தைப் போடலாம். அதுவே அதன் பலம், எனக்கு அதில் உள்ள தயக்கமும் அதுவே.

ஆபிதீனுக்கும் இது பின்னால் தோன்றியிருக்கலாம். பிரிவினைக்குப் பிறகு டாக்கா போய் 1948-இல் ஓவியக் கல்லூரியைத் தொடங்கினார். 1970-இல் நவான்னா என்ற புதுநெல் விழாவின் பெயரில், ஏறக்குறைய 65 அடி நீளச் சுருளில் கறுப்பு மையும் நீர்வண்ணமும் மெழுகும் கொண்டு வங்கக் கிராமத்தை வரைந்தார். சுருள் செழிப்பில் தொடங்குகிறது: அறுப்பு, சுமை, நெல். விரிக்க விரிக்க வறுமை வருகிறது, கடைசியில் ஜனங்கள் ஊரை விட்டுப் போகிறார்கள். 1943-இல் விட்டுப்போன முன்கதையை 27 வருடம் கழித்து எழுதியதுபோல இருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று போலா புயல் வந்தது. குறைந்தது மூன்று லட்சம் பேர் செத்தார்கள். மன்புரா தீவுக்குப் போய்ப் பார்த்தவர், அதற்கும் ஒரு 30 அடிச் சுருள் வரைந்தார். உடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, மாடும் மனிதரும் கலந்து. அறுப்புச் சுருளையும் புயல் சுருளையும் ஒரே கை ஒரே மையில் வரைந்திருப்பதால் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே தோன்றும். அந்தத் தீவில் செத்தவர்களும் வயலிலும் கடலிலும் உழைத்தவர்கள்தான்.

மூன்றாமவர் சோமநாத் ஹோர். 1921-இல் சிட்டகாங் பக்கம் பிறந்தவர், வயதில் சின்னவர். பஞ்சக் காலத்தில் சித்தப்ரசாதைப் பார்த்து அவர் வழியில் வரையக் கற்றார். அப்புறம் கல்கத்தா ஓவியப் பள்ளியில் சேர்ந்து ஆபிதீனிடம் படித்தார். ஆக இருவருக்கும் மாணவர். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸும் சீன மரச்செதுக்குக்காரர்களும் அவருக்கு ஆதர்சம். கோல்விட்ஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மன் விவசாயிகள் போரைப் பற்றிய செதுக்கோவிய வரிசையில் மாட்டுக்குப் பதில் மனிதர் ஏர் இழுப்பதையும், சண்டை முடிந்த களத்தில் ஒரு தாய் இரவில் பிணங்களுக்கு நடுவே தேடுவதையும் ஒரே கதையாக வைத்திருந்தார்.

ஹோர் 1946 டிசம்பரில் ரங்க்பூருக்குப் போனார். விளைச்சலில் பங்குக்கு உழுபவர்களின் தேபாகா போராட்டம் நடந்துகொண்டிருந்தது. இப்படிப் பங்குக்கு உழுபவர் பாதி விளைச்சலை ஜோத்தேதார் என்ற நிலக்காரருக்குக் கொடுக்க வேண்டும். முன்பு வாங்கிய விதைநெல்லுக்கும் கடனுக்கும் வட்டியும் அதே குவியலிலிருந்து போகும். அறுத்த கதிர் நிலக்காரரின் களத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்பதால் பங்கு பிரிப்பது அவர் கையில். மூன்றில் இரண்டு பங்கு உழுபவருக்கு, கதிர் நம் களத்துக்கே வரட்டும் என்றது போராட்டம். 1940-இலேயே அரசு நியமித்த ஃபிளவுட் ஆணையமும் அந்தப் பங்கைப் பரிந்துரைத்திருந்தது. கவனிக்க வேண்டியது காலம். 1946 ஆகஸ்டில் கல்கத்தாவிலும் அக்டோபரில் நவகாளியிலும் மதக்கலவரம் நடந்து முடிந்திருந்தது. ரங்க்பூரில் இந்துக்களான ராஜ்வன்ஷிகளும் முஸ்லிம்களும் ஒரே வயலில் ஒன்றாக இறங்கி அறுத்தார்கள்.

ஹோர் நாட்குறிப்பு எழுதினார், கூடவே வரைந்தார். யார் வீட்டில் சாப்பிட்டோம், என்ன கடன், எந்தக் கூட்டத்தில் யார் பேசினார், எல்லாம் அதில் இருக்கின்றன. அது முழுதாக அச்சில் வரப் பல பத்தாண்டுகள் ஆயின. படங்களில் முகங்கள், இரவுக் கூட்டங்கள், கதிர் அறுப்பவர்கள், கட்டு சுமந்து போகும் ஆட்கள். பஞ்சம் முடிந்து மூன்றே வருடம். இந்த உடம்புகளும் ஒல்லிதான், விலா தெரிகிறது. ஆனால் குனிந்திருக்கும் முதுகில் ஒரு வேலை நடக்கிறது. கட்டைத் தூக்கியவரின் கழுத்து எப்படி இறுகும், கால் எவ்வளவு அகலத்தில் ஊன்றும் என்பதை நாலு கோட்டில் பிடித்திருக்கிறார். 1943-இன் படங்களில் கிடந்த அதே ஆள் எழுந்து நிற்பதுபோல இருக்கிறது. உண்மையில் கிடந்தவர் எழவில்லை. எழுந்தவர் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்.

இதிலும் சாவு இருக்கிறது, ஆனால் படத்துக்கு வெளியே. ஹோர் திரும்பிய பிறகு, 1947 பிப்ரவரி 20 அன்று பக்கத்து மாவட்டமான தினாஜ்பூரில் கான்பூர் என்ற ஊரில் போலீஸ் சுட்டு 22 பேர் செத்தார்கள். சொந்தக் களத்துக்குக் கதிர் கொண்டுபோனதற்காக நடந்த கைதுகளைத் தடுக்கப் போனவர்கள்.

மூவரையும் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். 1943 டிசம்பரில் வங்கத்தில் நல்ல அறுவடை. ஆனால் சாவு எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டதும் அந்த மாதத்தில்தான். பட்டினியில் எதிர்ப்புச் சக்தி போன உடம்புகளை மலேரியாவும் காலராவும் அம்மையும் அள்ளின, 1944 முழுக்க. கதிர் முற்றி நிற்க, வீட்டுத் திண்ணையில் காய்ச்சலில் கிடந்து செத்தவர்கள் ஏராளம். சாவும் வயல் வேலையும் இத்தனை நெருங்கி வந்த தருணம் வேறு இல்லை. ஆனால் நம் நினைவில் தங்கிய படங்கள் எல்லாம் தெருவில் கிடந்த எலும்புக்கூடுகளாகவே இருக்கின்றன. காய்ச்சலில் செத்தவரின் உடம்பு பார்ப்பதற்கு அவ்வளவு அதிர்ச்சி தராது. தெங்கி மிதித்த பெண்களையும் அந்த வேலையில் வைத்து அதிகம் பார்க்க முடிவதில்லை. தெருவுக்கு வந்து தட்டு ஏந்திய பிறகுதான் அவர்கள் ஓவியருக்குத் தென்படுகிறார்கள்.

ஹோர் பிற்காலத்தில் மை இல்லாமலும் படம் செய்தார். 1970-களில் 'காயங்கள்' என்ற வரிசையைச் செய்தார். களிமண் பரப்பில் வெட்டியும் குத்தியும் சுட்டும் தழும்பு உண்டாக்கி, அதிலிருந்து சிமெண்ட் அச்சு எடுத்து, அதன்மேல் காகிதக் கூழைப் பரப்பி உரித்த வெள்ளைத் தாள்கள். கோடு இல்லை, கறுப்பு இல்லை, ஆள்கூட இல்லை. வெள்ளையின்மேல் வெள்ளைத் தழும்பு. இந்திய நவீனக் கலையின் சாதனை என்று விமர்சகர்கள் கொண்டாடுவது அதைத்தான், தப்பில்லை. நேரில் பார்த்தால் தோல் கூசும். இருந்தும் எனக்கு ரங்க்பூர் நாட்குறிப்பே பெரிதாகப்படுகிறது. அந்த வெள்ளைத் தாளில் இருப்பது யாருடைய காயமாகவும் இருக்கலாம். நாட்குறிப்பில் கட்டு சுமக்கிறவருக்கு ஒரு ஊர் இருக்கிறது, மூன்றில் இரண்டு பங்கு வர வேண்டிய கணக்கு ஒன்றும் இருக்கிறது.